வலது கால்

முதலில் வேனின் பிரேக் என்றுதான் நினைத்தேன்.
மெக்கானிக் யூனுஸ் அடியில் படுத்துப் பார்த்து
நானூறு ராண்ட் வாங்கிக்கொண்டு
வண்டியில் குறையில்லை என்றார்.
அப்போதே கேட்டிருக்கலாம்,
பிறகு எதில் என்று.

பதினான்கு பிள்ளைகள், காலை ஆறரைக்கு,
வெருலத்திலிருந்து ஃபீனிக்ஸ் வரை.
கால் கட்டளையைக் கேட்டு
கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் அழுத்தியது.
ஒரு வியாழக்கிழமை, பிள்ளைகள் இறங்கிய பின்,
நல்லவேளை, இறங்கிய பின்,
கட்டைவிரல் தானாகத் துடித்தது.
பிறகு ஆடுசதை. பிறகு தொடை.
ஏறி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
அப்புறம் பார்க்க ஆளில்லை.

ஸ்கேனில் காட்டினார் டாக்டர் சிபியா.
மூளையில் இல்லை, மூளையின் உறையில் முளைத்தது,
மெனிஞ்சியோமா, பெரும்பாலும் சாது,
ஒரு லிச்சிப் பழம் அளவு.
சாதுவா என்றேன்.
பழத்தைச் சுற்றி விரல்விட்டுப் பரவியிருந்தது
அதைப்போல் நாலு மடங்கு வெள்ளை.
இது வீக்கம் என்றார். நீர்.
உங்கள் காலைப் பிடித்திருப்பது
கட்டி பாதி, இது பாதி.

நீரென்றால் எனக்குத் தெரியும்.
அந்த ஏப்ரலில் பாலத்தடியில்
குறுக்கே விழுந்தது ஒரே ஒரு மரம்.
எங்கள் தெரு முழுக்க இடுப்பளவு.
மரத்தை நகராட்சி ஒரே பகலில் அறுத்து எடுத்தது.
சுவர் காய ஆகஸ்ட் ஆனது.
அலமாரிக் கதவு இன்றும் மூடுவதில்லை.

இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.
பேனாவை மூடி வைத்துவிட்டு
அதுபோலத்தான் என்றார்.
வீக்கம் பெரிதென்றால்
எடுத்த பிறகும் வலிப்பு வரலாம்,
எழுந்து நடக்க நாளாகலாம்.
சிலருக்குக் கால் முழுதாகத் திரும்பும்,
சிலருக்கு இல்லை.
நீங்கள் எந்தச் சிலர் என்று சொல்ல
என்னிடம் எதுவுமில்லை.
அந்த ஒரு வாக்கியத்துக்காகக் கையெழுத்துப் போட்டேன்.

நீரை வற்றவைக்க மாத்திரை, நாளுக்கு நான்கு.
அது தூக்கத்தையும் சேர்த்து வற்றவைத்தது.
இரவு இரண்டு மணிக்கு
பீன்ஸ் கறியில் ரொட்டியைத் தோய்த்து
நின்றபடியே தின்றேன்.
கண்ணாடியில் முகம் உப்பி வட்டமாய்.
நிலவு முகம் என்று பெண்களைப் பாடியவர்கள்
ஸ்டீராய்டு தின்றதில்லை.
கணவர் சடகோபனை, உப்பு குறைந்ததற்காக,
வேனில் எந்தப் பிள்ளையும் சொல்ல விடாத ஒரு வார்த்தை சொன்னேன்.
அவர் போய் உப்பை எடுத்து வந்தார்.

ஆறு மணி நேரம். எனக்கு ஒரு கண்சிமிட்டல்.
உச்சியில் குதிரை லாடம்போல் தையல்.
முழுவதும் வந்துவிட்டது என்றார்கள்.
கால் வரவில்லை.
மூன்றாம் நாள் இன்னும் கனத்தது.
வடிவதற்கு முன் கொஞ்சம் ஏறும் என்றார் நர்ஸ் தண்டேகா,
அவர் வீடும் ஆற்றோரம்தான்.

திரும்பிய அன்று
நாத்தனார் லோகாம்பாள் ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்று
வலது காலை எடுத்து வைத்து வா என்றாள்,
பழக்கத்தில்.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
வாக்கரை முன்னே வைத்தேன்.
இடது போனது.
மற்றது பின்னால் இழுபட்டு வந்தது,
பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்கிற பிள்ளை மாதிரி.

ஆறாம் மாதம் ஒரு படிவம்.
தனியாகக் குளிக்கிறீர்களா. ஆம்.
படியேறுகிறீர்களா. கைப்பிடியோடு.
முன்பு செய்த வேலைக்குத் திரும்பிவிட்டீர்களா.
அந்தக் கட்டத்தை வெறுமையாகவே கொடுத்தேன்.
புதிய ஸ்கேனில் லிச்சி இருந்த இடத்தில் ஒரு பள்ளம்,
ஓரத்தில் மங்கலாக
நீர் நின்ற கோடு.

வேனை இப்போது குவேஷன் ஓட்டுகிறான்,
அண்ணன் மகன், மாதச் சம்பளத்துக்கு.
நான் பக்கத்து இருக்கையில், பெயர்ப்பட்டியலோடு.
நேற்று கரும்பு லாரி ஒன்று
வளைவில் மூக்கை நீட்டியது.
அவனுக்கு முன்னால் நான் மிதித்துவிட்டேன்,
வெறும் தரைவிரிப்பை, பலமாக.
வண்டி நின்றது அவனால்.
பின்சீட்டில் யாரோ சிரித்தார்கள்.
எந்தக் காலால் மிதித்தேன் என்று
குனிந்து பார்த்தேன்.